கணிப்பொறியின் உறுப்புகளும் பழுதறியும் முறையும்

கிணற்று மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டால் நம் விவசாயி என்ன செய்கிறார்? உடனே மோட்டாரைக் கழற்றி வண்டியிலேற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்வதில்லை. மின்சாரம் வருகிறதா, மூன்று பேஸும் உள்ளனவா, பியூஸ் போயிற்றா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, புட்வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். பெரும்பாலும் குறை அவ்வளவில் தெரிந்துவிடுகிறது. இதே பொறுமையும் இதே வரிசையும் நம் பிள்ளைகள் கையாளும் கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது மாநிலத்தில் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான இல்லங்களில் இக்கருவி புகுந்தது. ஆனால் கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காணும் ஒரு காட்சி உண்டு. பெட்டியின்மேல் துணி போர்த்தி, பரண்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் கணிப்பொறிதான் அது. கேட்டால், "கெட்டுப் போயிற்று" என்பார்கள். எது கெட்டது என்று கேட்டால் விடை வாராது.

இராயபுரத்தில் கண்டது

திருப்பூர் நகரத்தின் இராயபுரத்தில் நம் அலுவலக ஊழியர் ஒருவரின் இல்லத்திற்கு ஒரு மாலை சென்றிருந்தோம். அடுத்த வீட்டில் தந்தை பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தைப்பவர். தாய் செக்கிங் வேலைக்குச் செல்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுவதை நேயர்கள் அறிவர். அப்பெண் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலைப் பதிய மறுநாளே கடைசி நாள். வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியோ எந்த இணையப் பக்கத்தையும் திறக்க மறுத்தது. பழுது பார்க்கும் ஒருவர் மதர்போர்டு போய்விட்டதென்றும் சில ஆயிரம் ரூபாய் ஆகுமென்றும் கூறிச் சென்றிருந்தார். ஒரு வாரக் கூலியை அப்படியே கொடுப்பதா என்று பெற்றோர் திகைத்து அமர்ந்திருந்தனர்.

திரையின் ஓரத்தில் காட்டிய தேதியைப் பார்த்தோம். அது பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. தேதியைத் திருத்தியவுடன் பக்கங்கள் திறந்துகொண்டன. மின்சாரம் இல்லாதபோதும் நாளையும் நேரத்தையும் காப்பதற்காக மதர்போர்டில் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் பெயர் சிஆர் 2032. அது தீர்ந்துபோனதே குறை. பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற சான்றிதழைத் தாங்கியிருக்கிறது. கணிப்பொறியின் தேதி அக்காலத்திற்குள் அமையாவிட்டால், சான்றிதழ் செல்லாதது என்று கருதி அது பக்கத்தைத் திறக்க மறுக்கிறது. சில பத்து ரூபாய்ப் பாட்டரி ஒன்றுக்காக ஒரு பெண்ணின் படிப்பு தவறிப்போக இருந்தது. இதுவே நம்மை எழுதத் தூண்டியது.

உறுப்புகள் யாவை?

நெசவைத் தெரிந்த மக்களுக்குக் கணிப்பொறி அந்நியமன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியிற் பூவேலை செய்யும் முறையை அமைத்தார். 1830களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளையிட அவ்வட்டைகளையே மேற்கொள்ள எண்ணினார். தறிக்கும் கணிப்பொறிக்கும் உறவு அவ்வளவு பழையது.

கீபோர்டும் மவுசும் செய்தியை உள்ளே செலுத்துவன. மானிட்டரும் பிரிண்டரும் விடையை வெளியே காட்டுவன. உள்ளே இருந்து கணக்கிடுவது பிராசஸர். எல்லா உறுப்புகளையும் இணைக்கும் பலகை மதர்போர்டு. ரேம் என்பது களத்தைப் போன்றது. வேலை நடக்கும்போது தானியம் அங்கே பரப்பப்படும். ஹார்டு டிஸ்க் குதிரைப் போன்றது. மின்சாரம் நின்றவுடன் களம் துடைத்தாற்போற் காலியாகிவிடும். குதிரிற் சேர்த்ததோ அப்படியே கிடக்கும். எழுதியதை அவ்வப்போது சேமிக்க வேண்டுமென்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் எனக் குறைத்து, மடை திறந்து பாத்திகளுக்குப் பாய்ச்சுவதுபோல் உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி.

பழுதறியும் வரிசை

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் குறை மின்சாரம் வரும் வழியில் இருக்கலாம். சுவர் சுவிட்ச், யு.பி.எஸ்., கம்பி, பெட்டியின் பின்புறச் சுவிட்ச் ஆகியவற்றை இவ்வரிசையிற் பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் வேறு விளக்கைச் செருகிப் பார்த்தால் பாதி ஐயம் தீரும்.

விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மானிட்டரின் விளக்கு எரிகிறதா, அதன் கம்பி இருபுறமும் இறுகியுள்ளதா என்று காண்க. அதுவும் சரியாக இருந்து, பெட்டி "பீப், பீப்" என்று கூவினால் ரேம் நெகிழ்ந்திருக்கலாம். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மென்மையான பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூளை நீக்கி, "கிளிக்" என்று ஓசை வருமாறு மீண்டும் பொருத்த வேண்டும்.

சிறிது நேரம் ஓடிப் பின் தானே அணைந்தால் சூடே காரணமாதல் கூடும். நமது வட்டாரத்தில் இது மிகுதி. நிட்டிங் எந்திரங்களும் கட்டிங் மேசைகளும் உள்ள தெருக்களிற் பஞ்சுத் தூசி காற்றிற் கலந்தே இருக்கிறது. விசிறி அதனை உள்ளே இழுத்து, பிராசஸர்மேலுள்ள உலோகத் தகடுகளின் இடையே கம்பளிபோற் படியச் செய்கிறது. காற்றுப் போக்கின்றிச் சூடு ஏறவே, கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மாதம் ஒரு முறையேனும் மின்சாரத்தை நீக்கி, விசிறி இதழ்கள் சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் புளோயராலும் தூசியை அகற்றுதல் வேண்டும். ஈரத்துணி கூடாது. மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து ஓட்டினால் அதன் காற்றுவழி அடைபடும் என்பதையும் நினைவிற் கொள்க.

கீபோர்டோ மவுசோ வேலை செய்யாவிட்டால் வேறு யு.எஸ்.பி. துளையிற் செருகிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்ற ஓசை தொடர்ந்தால் அது மரண ஓலை. வேறு வேலை எதுவும் செய்யாது, முக்கியமான கோப்புகளை முதலிற் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனாற் சரியாயிற்று என்பது தெரியாது போகும். செய்ததை நோட்டுப் புத்தகத்திற் குறித்து வைத்தல் மாணவர்க்கு நற்பழக்கம்.

செய்யலாகாதவை

எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். பெட்டிகளை மாணவர்கள் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அவற்றினுள் உயிர்க்கு ஊறு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். மடிக்கணினியின் பாட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, அது தீப்பற்றும். எர்த் இணைப்பில்லாத இடத்திற் கருவியைப் பொருத்துவதும் பிழையே. இத்தகைய குறைகளுக்குத் தேர்ந்தவரை நாடுவதே அறிவுடைமை.

பஞ்சாயத்தின் பங்கு

கிராம சபை ஆண்டில் 6 முறை கூடுகிறது. அவற்றில் ஒரு நாளையொட்டிப் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கி, ஊரிற் பரண்மேல் கிடக்கும் கணிப்பொறிகளை மாணவர்கள் கொண்டுவரச் செய்யலாம். பள்ளி ஆசிரியர் ஒருவரோ, தொழிற்பயிற்சி நிலையத்திற் படித்த இளைஞர் ஒருவரோ முன்னின்று மேற்கண்ட வரிசையைக் காட்டினாற் போதும். ஒரு ஸ்குரூ டிரைவர், தூரிகை, சில நாணயப் பாட்டரிகள், ஒரு பென்சில் ரப்பர் இவையே கருவிகள். செலவு மிகச் சிறிது.

பனியன் தொழிலிலும் இன்று துணி வெட்டுக்கு வரைபடம் அமைத்தலும் எம்பிராய்டரியும் கணிப்பொறி வழியே நடைபெறுகின்றன. ஆகவே இப்பயிற்சி பிழைப்புக்கும் வழியாகும்.

மோட்டாரின் பியூஸைத் தாமே மாற்றக் கற்ற விவசாயி, மெக்கானிக்கின் வரவுக்காகப் பயிரை வாடவிடுவதில்லை. கணிப்பொறியின் குறையைத் தாமே அறியக் கற்ற மாணவரும், விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடார். பரண்மேல் உறங்கும் கருவியை இறக்கித் தூசி தட்டுவதில் ஒவ்வொரு பஞ்சாயத்தும் இம்மாதமே முனையுமாக!