ஒளிப்பட மேலாண்மை மென்பொருள்களில் படங்கள் தற்செயலாக மறைதல்

கணினியில் படங்களைச் சேமித்து, வகைப்படுத்தி, தேடித் தரும் ஒளிப்பட மேலாண்மை மென்பொருள்களில், பயனர் அறியாமல் அழுத்தும் ஒரு விசையால் படங்கள் திரையிலிருந்து காணாமற்போவதுண்டு. இவ்வாறு மறையும் படங்கள் பெரும்பாலும் அழிவதில்லை. கோப்பு வட்டில் அதே இடத்தில் இருக்கும். மென்பொருள் அதைக் காட்டாமல் விட்டிருக்கும். படம் அழிந்துவிட்டதாக எண்ணிப் பயனர் அடுத்துச் செய்யும் செயல்களாலும், மறைந்திருப்பதே தெரியாமல் செய்யும் செயல்களாலும்தான் உண்மையான இழப்பு ஏற்படுகிறது.

கோப்பும் பதிவும்

ஒளிப்பட மேலாண்மை மென்பொருள், கோப்புறையில் உள்ளவற்றை அப்படியே காட்டுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தரவுத்தளத்தில் பதிவு வைத்துக்கொண்டு, அப்பதிவின்படி எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிறது. அடோபி லைட்ரூம் கிளாசிக், ஷாட்வெல், டார்க்டேபிள் ஆகிய மூன்றுமே இதற்கு எஸ்க்யூலைட் வகைத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொல், 'நிராகரித்தது' என்னும் அடையாளம் போன்றவை இப்பதிவில் எழுதப்படுகின்றன.

எனவே ஒரு விசை படத்தை மறைக்கும்போது மாறுவது பதிவில் உள்ள ஒரு சிறு மதிப்பு மட்டுமே. படக்கோப்பின் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. அந்த மதிப்பைத் திருப்பி மாற்றினால் படம் மீண்டும் தோன்றும்.

மறையும் விதங்கள்

திரையில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், படம் மறைவதற்கு நான்கு வேறுபட்ட காரணங்கள் உள்ளன.

மறைத்தல்: மேக் கணினியின் ஆப்பிள் போட்டோஸ் மென்பொருளில் கமாண்ட் விசையுடன் 'எல்' விசையை அழுத்துவது, தேர்ந்தெடுத்த படங்களை மறைக்கும் கட்டளையாகும். அவை 'ஹிடன்' என்னும் தனித் தொகுப்புக்குச் செல்லும். ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும் நிலையில், ஒரு கருவியில் மறைத்த படம் அதே கணக்கில் உள்ள பிற கருவிகளிலும் மறைந்துவிடும்.

நிராகரித்தல்: லினக்ஸ் கணினிகளில் இயங்கும் ஷாட்வெல்லில் 1 முதல் 5 வரையுள்ள எண் விசைகள் நட்சத்திர மதிப்பீடு தருகின்றன, 0 மதிப்பீட்டை நீக்குகிறது, 9 படத்தை நிராகரிக்கிறது. நிராகரித்த படங்களைக் காட்டாதிருப்பதே ஷாட்வெல்லின் இயல்பு அமைப்பு. ஆகவே 9 விசையைத் தொட்டதும் படம் வரிசையிலிருந்து மறைந்துவிடுகிறது. லைட்ரூமில் 'எக்ஸ்' விசை இதே அடையாளத்தை இடுகிறது. ஆனால் அங்கு படம் உடனே மறையாமல் மங்கலாகத் தெரியும். நிராகரித்தவற்றை விலக்கும் வடிகட்டி இயங்கினால்தான் மறையும்.

அடுக்குதல்: ஒரே காட்சியின் பல படங்களை ஓர் அடுக்காகச் சேர்க்கும் வசதி லைட்ரூமில் உண்டு. 'எஸ்' விசை அடுக்கை மூடவும் விரிக்கவும் செய்கிறது. மூடிய அடுக்கில் மேலே உள்ள ஒரு படம் மட்டுமே தெரியும். 12 படங்கள் கொண்ட அடுக்கு மூடினால் 11 படங்கள் காணாமற்போனதுபோல் தோன்றும்.

வடிகட்டுதல்: லைட்ரூமில் கன்ட்ரோல் விசையுடன் 'எல்' விசையை அழுத்தினால், முன்பு அமைத்த வடிகட்டி இயங்கத் தொடங்கும் அல்லது நிற்கும். ஐந்து நட்சத்திரப் படங்களை மட்டும் காட்டும் வடிகட்டி நினைவில் இருந்தால், மற்ற எல்லாப் படங்களும் ஒரே நொடியில் மறையும். இதில் எந்தப் படத்தின் பதிவும் மாறுவதில்லை.

ஒற்றை விசைக் கட்டளைகள்

எழுதும் மென்பொருள்களில் எழுத்து விசைகள் எழுத்துகளுக்கே உரியவை. கட்டளை தர கன்ட்ரோல் போன்ற துணை விசை வேண்டும். ஒளிப்பட மென்பொருள்களில் அந்தத் தடை இல்லை. ஒரு திருமணத்திலோ விளையாட்டுப் போட்டியிலோ ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் ஒளிப்படக் கலைஞர், ஒவ்வொன்றையும் பார்த்து வைத்துக்கொள்வதா தள்ளுவதா என்று விரைவாக முடிவெடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு விசை என்ற ஏற்பாடு அந்த வேலைக்கு ஏற்றது. அதே ஏற்பாடு, எப்போதாவது மென்பொருளைத் திறக்கும் பயனருக்குக் கண்ணியாகிறது.

பிழை நிகழும் முறை

அறிவாற்றல் அறிவியலாளர் டொனால்ட் நார்மன், எண்ணம் சரியாக இருந்தும் செயல் வேறாக அமைந்துவிடும் பிழைகளைச் 'சறுக்கல்கள்' என்று வகைப்படுத்தினார். தற்செயலாகப் படங்கள் மறைவதில் அவர் கூறும் இரண்டு வகைச் சறுக்கல்கள் காணப்படுகின்றன.

முதலாவது, மென்பொருள் எந்த நிலையில் உள்ளது என்பதை அறியாமல் செய்யும் பிழை. குறிச்சொல் எழுதும் பெட்டியில் இருப்பதாகப் பயனர் எண்ணுகிறார். ஆனால் மென்பொருளின் கவனம் படத்தின்மீது இருக்கிறது. ஷாட்வெல்லில் இந்நிலையில் 2019 என்று ஆண்டைத் தட்டினால், 2 இரண்டு நட்சத்திரம் தரும். 0 அதை நீக்கும். 1 ஒரு நட்சத்திரம் தரும். 9 படத்தையே மறைத்துவிடும். பயனர் எழுதியது ஓர் ஆண்டு. மென்பொருள் பெற்றது நான்கு கட்டளைகள். லைட்ரூமில் கேப்ஸ் லாக் விசை இயங்கும்போது அடையாளம் இட்டவுடன் அடுத்த படம் தானாக வரும் என்பதால், அடையாளம் விழுந்த படம் கண்ணுக்கு முன் நிற்பதும் இல்லை. டார்க்டேபிளில் கட்டளை, சுட்டியின் அம்புக்குறி எந்தப் படத்தின்மேல் நிற்கிறதோ அதற்கே முதலில் செல்கிறது. பயனர் தேர்ந்தெடுத்தது ஒரு படமாகவும், 'ஆர்' விசையால் நிராகரிக்கப்பட்டது வேறொரு படமாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, பழகிய செயல் புதிய இடத்தில் தானாக நிகழ்வது. மேக் கணினியின் சஃபாரி உலாவியில் கமாண்டும் 'எல்' விசையும் முகவரிப் பட்டைக்குச் செல்லும் வழி. உலாவி முன்னே இருப்பதாக எண்ணி போட்டோஸ் சாளரத்தில் அதை அழுத்தினால் அது மறைக்கும் கட்டளையாகிறது. உறுதி கேட்கும் பெட்டி தோன்றினாலும், முகவரியைத் தட்டி என்டர் விசையை அழுத்தும் பழக்கம் அதையும் கடந்துவிடக்கூடும்.

உண்மையான இழப்பு

மறைந்த படம் நிலையாக இழக்கப்படும் வழிகளில் முக்கியமானது படியெடுத்தல். 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்னும் கட்டளை, திரையில் காட்டப்படும் படங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கிறது. பயனர் பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெளிவட்டுக்கு ஏற்றுமதி செய்தால், மறைந்தவை பின்தங்கிவிடும். பழைய வட்டு அழிக்கப்படும்போது அவையும் அழியும். மறைந்தது தெரியாததால் அவற்றைத் தேட யாருக்கும் தோன்றாது.

நிராகரித்தவற்றை மொத்தமாக நீக்கும் கட்டளை மற்றொரு வழி. விண்டோசில் இயங்கும் லைட்ரூமில் கன்ட்ரோலும் பேக்ஸ்பேசும் சேர்ந்து இதைச் செய்கின்றன. தவறுதலாக 'எக்ஸ்' அடையாளம் விழுந்த நல்ல படமும் மற்றவற்றோடு சேர்ந்து வட்டிலிருந்து நீங்கக்கூடும்.

பதற்றத்தில் தரவுத்தளத்தை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதும் இழப்பைத் தரும். படங்கள் திரும்பத் தெரியும். ஆனால் பல ஆண்டுகளாக இட்ட குறிச்சொற்களும், தொகுப்புகளும், பதிவில் மட்டும் இருந்த திருத்தங்களும் போய்விடும்.

மீட்கும் முறை

மறைந்ததைக் கண்டவுடன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பின்வரும் வரிசையில் சோதிப்பது பாதுகாப்பானது.

1. கன்ட்ரோலும் 'இசட்' விசையும், மேக்கில் கமாண்டும் 'இசட்' விசையும், கடைசிச் செயலைத் திருப்பும். எடிட் மெனுவைத் திறந்தால், திருப்பப்படவுள்ள செயலின் பெயர் பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். நிகழ்ந்தது என்ன என்பதற்கு அதுவே சான்று.

2. படங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். லைட்ரூம் கீழ்வரிசையில் மொத்தப் படங்களில் எத்தனை காட்டப்படுகின்றன என்று குறிப்பிடும். இரு எண்களும் வேறுபட்டால் வடிகட்டியோ மூடிய அடுக்கோ காரணமாகலாம்.

3. ஷாட்வெல்லில் வியூ மெனுவின் வடிகட்டும் பகுதியில், நிராகரித்தவற்றையும் சேர்த்துக் காட்டும் தெரிவை எடுக்க வேண்டும். ஆப்பிள் போட்டோசில் வியூ மெனு வழியாக ஹிடன் தொகுப்பைக் காட்டச் செய்யலாம். 2022இல் வந்த மேக் ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து இத்தொகுப்பு இயல்பாகவே பூட்டப்பட்டிருப்பதால், கடவுச்சொல்லோ கைரேகையோ தேவைப்படும்.

4. கணினியின் கோப்பு மேலாளரில் படத்தின் பெயரைத் தேடலாம். கோப்பு கிடைத்தால் படம் அழியவில்லை. ஆப்பிள் போட்டோஸ் தன் நூலகத்துக்குள் கோப்புகளுக்கு வேறு பெயர் இடுவதால் இச்சோதனை அதற்குப் பொருந்தாது.

5. இறுதியாகக் குப்பைத்தொட்டியைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் போட்டோஸ் நீக்கிய படங்களை 30 நாட்கள் வரை தனித் தொகுப்பில் வைத்திருக்கும்.

இவை முடியும் முன் படங்களை மறுபடி இறக்குவதும், மீட்பு மென்பொருள் நிறுவுவதும் தவிர்க்க வேண்டியவை. மறு இறக்கத்தின்போது லைட்ரூம் ஏற்கெனவே உள்ள படங்களை நகல் என்று கருதித் தவிர்க்கலாம்; அது குழப்பத்தைக் கூட்டும். கோப்பு உண்மையிலேயே அழிந்திருந்தால், அதே வட்டில் புதிதாக எழுதப்படும் எதுவும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

தடுப்பு

டார்க்டேபிள், டிஜிகாம் ஆகியவற்றில் விசைக் கட்டளைகளை மாற்றவோ நீக்கவோ முடியும். மேக்கில் கணினி அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில், போட்டோசின் மறைக்கும் கட்டளைக்கு வேறு விசைச் சேர்க்கை தரலாம். எழுதத் தொடங்கும் முன் பெட்டியில் இடங்காட்டி சிமிட்டுகிறதா என்று பார்ப்பது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். காப்புப்படி எடுக்கும்போது மென்பொருளின் ஏற்றுமதியை மட்டும் நம்பாமல், படக்கோப்புறையையும் தரவுத்தளத்தையும் முழுமையாகப் படியெடுத்தால், திரையில் தெரியாத படங்களும் அதில் சேர்ந்துவிடும்.