‘சந்திரமுகி’க்கு முன்னாடியே மிரட்டிய பிஜிஎம்: யார் இந்த ஜான்சன்?

‘சந்திரமுகி’யில் கங்கா கட்டிலைத் தூக்கும் சீன் ஞாபகம் இருக்கா? 2005-ல் தமிழ்நாட்டையே மிரள வைத்த அந்தக் கதையின் மூலம், 1993-ல் ஃபாசில் இயக்கத்தில் வெளியான மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம்.

அதுக்கு இசை யார்னு கேட்டால் எம்.ஜி.ராதாகிருஷ்ணன் என்பார்கள். அது பாதி பதில்தான். பாடல்கள் அவருடையவை. பூட்டிக் கிடக்கும் அந்த அறையை நெருங்கும்போது நமக்கு உள்ளுக்குள்ள உதறுதே, அந்தப் பின்னணி இசை ஜான்சனுடையது.

ஒரு படத்துக்கு ரெண்டு பேரா?

இளையராஜா, ஏ.ஆர்.ரஹ்மான் என்று பாட்டும் பிஜிஎம்மும் ஒருவரே செய்து பார்த்துப் பழகியவர்கள் நாம். மலையாளத்தில் பாடல்களுக்கு ஒருவர், பின்னணி இசைக்கு இன்னொருவர் என்பது சகஜம். போஸ்டரில் பெரும்பாலும் பாட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். பிஜிஎம் போட்டவர் பெயர் டைட்டில் கார்டில் ஓரிரு நொடி வந்து போய்விடும்.

வேலையும் வேற மாதிரி. பாட்டு பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே தயாராகிவிடும். பின்னணி இசையோ, எடிட்டிங் முடிந்த பிறகு காட்சியைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியது. எங்கே ஆரம்பிக்கணும், எங்கே நிறுத்தணும், எங்கே வாசிக்காமலே விடணும் என்று நொடிக் கணக்கில் முடிவெடுக்கணும். ரிலீஸ் தேதி வேற கழுத்தை நெரிக்கும்.

திருச்சூர் டூ சென்னை

1953-ல் திருச்சூர் நெல்லிக்குன்னில் பிறந்தவர் ஜான்சன். தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கி, மெல்லிசைக் குழு நடத்தி, 1970களில் சென்னைக்கு வந்தார். மலையாளத்தின் பெரும் இசையமைப்பாளர் ஜி.தேவராஜனிடம் உதவியாளராக வேலை கற்றார். அப்போது மலையாளப் படங்களின் ஒலிப்பதிவு பெரும்பாலும் சென்னையில்தான் நடந்தது.

பாடல்களால் புகழ் பெறும் முன்பே, 1978-ல் பரதனின் ‘ஆரவம்’ படத்துக்குப் பின்னணி இசை அமைத்தார். பிறகு 300-க்கும் மேற்பட்ட படங்கள்.

மழைக்கு ஒரு மெட்டு

பத்மராஜன் இயக்கிய ‘தூவானத்தும்பிகள்’ (1987) படத்தில், மோகன்லால் கடிதம் எழுத உட்காருவார். வெளியே மழை பிடிக்கும். அவர் எழுதுவது, இன்னும் நேரில் பார்த்திராத கிளாராவுக்கு. அப்போது ஒரு சின்ன மெட்டு தொடங்கும். பிறகு கிளாரா வரும்போதும் மழை, அதே மெட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த மெட்டு கேட்டாலே கிளாரா வரப்போறாள் என்று நமக்குத் தெரிஞ்சிடும். வசனமே தேவையில்லை.

இந்தப் படத்துக்கும் பாடல்கள் வேறொருவர்: பெரும்பாவூர் ஜி.ரவீந்திரநாத். ஆனாலும் கேரளத்தில் மழை பெய்தால் ரசிகர்கள் தேடிக் கேட்பது ஜான்சனின் அந்த மெட்டைத்தான்.

ஒரே படம், ரெண்டு தேசிய விருது

1993-க்கான தேசிய விருதுகளில் ‘பொந்தன் மாட’ படத்துக்காகச் சிறந்த இசையமைப்பாளர் ஆனார் ஜான்சன். அடுத்த ஆண்டு பின்னணி இசைக்கென்று தனிப் பிரிவு கொண்டு வந்தார்கள். அதை முதலில் வாங்கியவரும் இவர்தான். படம் ‘சுகிர்தம்’. சாவுக்குத் தயாராகி விடைபெற்ற ஒருவன் பிழைத்து வந்தால், அவன் இல்லாத வாழ்க்கைக்குச் சுற்றியுள்ளவர்கள் பழகிப்போயிருக்கிறார்கள் என்ற எம்.டி.வாசுதேவன் நாயரின் கதை. இதே படத்தின் பாடல்களையும் சேர்த்து பாம்பே ரவிக்கும் அந்த ஆண்டு விருது கிடைத்தது. பாட்டு வேற, பின்னணி இசை வேற என்று அரசே ஒத்துக்கொண்ட தருணம் அது.

ஆனா அந்தப் பிரிவு அதோடு நின்றுபோனது. மறுபடி வந்தது 2009-ம் ஆண்டுப் படங்களுக்கான விருதில்தான். அப்போது வாங்கியவர் ‘பழசிராஜா’வுக்காக இளையராஜா. இடையில் 14 ஆண்டுகள், எத்தனையோ படங்களின் பிஜிஎம்முக்கு அந்த மேடையில் தனி இடமே இல்லை.

இப்போ ஏன் பேசணும்?

கேசட் காலத்தில் விற்றது பாடல்கள் மட்டும்தான். பின்னணி இசை தனியாக வெளிவருவது அபூர்வம். அதனால் அந்த இசையைக் கேட்க ஒரே வழி, படத்தையே பார்ப்பது. மெட்டுக்கு நடுவே வசனமும் மழைச் சத்தமும் கலந்தே இருக்கும். ஒலிப்பதிவு நாடாக்களைப் பத்திரப்படுத்தாவிட்டால், தனியாகப் பிரித்துக் கேட்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஜான்சன் 2011 ஆகஸ்ட் 18 அன்று, 58 வயதில், சென்னையில் காலமானார். இத்தனை வருஷம் நம்ம ஊரில் இருந்தவர், நம்மில் பலருக்குப் பெயரே தெரியாமல் போனார்.

எதில் ஆரம்பிக்கலாம்?

மிரளணும்னா ‘மணிச்சித்திரத்தாழ்’. கட்டில் சீனை ஒருமுறை கண்ணை மூடி, காதால மட்டும் கேளுங்க. மனசு கரையணும்னா ‘தூவானத்தும்பிகள்’. பாட்டும் பின்னணியும் ரெண்டுமே அவர் கையில் எப்படி இருக்கும்னு பார்க்க, அஜித் நடித்த ‘கிரீடம்’ படத்தின் மூலமான 1989 மலையாள ‘கிரீடம்’. ஹெட்போன் போட மறந்துடாதீங்க. டைட்டில் கார்டையும் தள்ளிவிட வேண்டாம்.