கருமம்டா ஜனம்!

எங்க ஊரு பெண்ணாடம். பழைய பேரு பெண்ணாகடம். பெண்ணுன்னா தேவகன்னியர், ஆ-ன்னா காமதேனு, கடம்னா யானை; மூவரும் சிவனை வழிபட்ட தலம் என்று பேரைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வார்த்தையைப் பிரிக்கவா தெரியாது?

பள்ளிக்கூடத்துல ஒருநாள் 'கர்மட்ஜன்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அர்த்தம் தெரியாம முழிச்சேன். பெஞ்சு மேல ஏத்திட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். இங்கிலீஷே தெரியாத எங்கப்பா சொன்னாரு: "எதைப் பார்த்தாலும் 'கருமம்டா ஜனம்'னு மூஞ்சியைச் சுளிப்பான்ல, அவன்தாண்டா!" அகராதியைப் புரட்டினா, சிடுமூஞ்சின்னே போட்டிருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

இந்த வார்த்தை 'கெட்ட மனசு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாக, பேர் தெரியாத ஒருவர் கடிதம் போட்டாராம். ஜான்சன் அதை 1755-ல் தன் அகராதியில் சேர்த்தார். 1775-ல் அகராதி போட்ட ஆஷ், அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கே 'பேர் தெரியாத கடிதக்காரர்'னு அர்த்தம் எழுதிட்டாரு! (பலத்த சிரிப்பு)

வெள்ளைக்காரனே வழுக்கி விழுந்த இடம்யா அது! அங்கே நம்ம பிள்ளை விழுந்தா மட்டும் பெஞ்சு மேல ஏத்தணுமா? பயந்த பிள்ளை அகராதியைத் தொடாது. சிரிச்ச பிள்ளை, அப்பா சொன்னது சரியான்னு பார்க்கவாவது அதைத் திறக்கும். நான் திறந்தேன்.