ஒரு கப் எத்தனை கிராம்?

மட்டக்குளியில் வீட்டிலிருந்தபடியே பெருநாளைக்கு வட்டிலப்பம் ஓடர் எடுக்கும் சகோதரி ஒருவர், "இருபது தட்டு செய்து கொடுத்தேன் நானா, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று கடைக்கு வந்து கவலைப்பட்டார். கணக்குக் கொப்பியைப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிழை கப்பில் இருந்தது.

தட்டுக்கு இரண்டு கப் சீவிய கருப்பட்டி. கப் ஒன்றுக்கு 160 கிராம் என்று விலை போட்டிருந்தார். அவர் நிரப்புவதுபோலவே அமுக்கி நிரப்பித் தராசில் வைத்தோம். 210 கிராம் நின்றது. கப்புக்கு 50 கிராம், 40 கப்புக்கு இரண்டு கிலோ. அவ்வளவு கருப்பட்டி கணக்கில் சேராமலேயே போயிருக்கிறது. இலாபம் போன வழி அதுதான்.

நாம் சாமான் வாங்குவது கிலோவில், சமைப்பது கப்பில். கப் இடத்தை அளக்கும், தராசு பாரத்தை அளக்கும். இரண்டும் ஒன்றல்ல.

நம் முன்னோருக்கு இது தெரிந்த விடயம். ஒரே புசல்தான், நெல் என்றால் 46 இறாத்தல், அரிசி என்றால் 64 இறாத்தல். கூப்பன் காலத்திலும் அரிசியைக் கொத்துக் கணக்கில்தான் பேசினார்கள். 1966 டிசம்பரில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் வாராந்தப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கியது. ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல், அதாவது ஏறக்குறைய 900 கிராம். அதே கொத்தில் மாவை அளந்தால் இந்த நிறை வராது.

250 மில்லி லீற்றர் கப்பைத் தலை தட்டி அளந்தால் ஏறத்தாழ வரும் நிறை இது: தண்ணீர் 250 கிராம், தேங்காய் எண்ணெய் 230, சீனி 210, அரிசி 200, கோதுமை மா 130, உப்புத்தூள் 300. கப் 250 என்பதால் ஒரு கிலோ மாவில் நாலு கப் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் ஏழு கப்புக்கு மேல் வரும். அப்படி நினைத்து விலை போடுபவர் மாவின் செலவைக் கூட்டிக் காட்டி, ஓடரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். சலித்த மா பாரம் குறையும், அமுக்கிய மா கூடும். அமெரிக்க சமையல் புத்தகத்துக் கப் சுமார் 237 மில்லி லீற்றர்தான். உங்கள் கப்பை நீங்களே நிறுத்துப் பாருங்கள். வெறும் கப்பைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். வழக்கம்போல் நிரப்பி மூன்று முறை நிறுத்து, நடுக்கணக்கை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். பிறகு ஒரு கிலோவின் விலையை ஆயிரத்தால் பிரித்து, அந்தக் கிராமால் பெருக்கினால் ஒரு கப்பின் விலை வரும்.

ஒரு எச்சரிக்கை. சமையலறைத் தராசு உங்கள் கணக்குக்கு மட்டும். நிறுத்து விற்பதானால், 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி பரிசோதித்து முத்திரையிட்ட தராசு வேண்டும்.

பித்ரா அரிசி கட்டும் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஸாஉ என்பது முகத்தல் அளவு. ஒரே பாத்திரத்தில் சம்பாவும் நாட்டரிசியும் ஒரே நிறை நிற்பதில்லை. எத்தனை கிலோ என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்து, அதன்பின் பொதி கட்டுங்கள்.

அளவில் குறைத்துக் கொடுப்பது பாவம் என்பது நமக்குத் தெரியும். தெரியாமல் கூட்டிக் கொடுத்துத் தன் உழைப்பையே இழப்பதும் நல்ல வியாபாரமல்ல. அந்தச் சகோதரி இப்போது கருப்பட்டியை நிறுத்தே போடுகிறார். தட்டின் விலையைச் சற்றுக் கூட்டினார், ஓடர் குறையவில்லை.