மூன்று பல்சக்கரம் சுற்றாது! பச்சை குத்தப் போன மெக்கானிக்குக் கிடைத்த பாடம்

சென்னை புதுப்பேட்டை. பழைய மோட்டார் சாமான் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். அங்கே ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் வாலிபர் அவர். வயது 23.

அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசை. கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும்! பூ, பாம்பு, காதலி பெயர் எதுவும் வேண்டாம். தொழில் சம்பந்தமாக இருக்க வேண்டும்.

செல்போனில் தேடினார். ஒரு படம் பிடித்துப்போனது. மூன்று பல்சக்கரங்கள். முக்கோணமாக, ஒன்றோடு ஒன்று பல் கோத்து நின்றன.

சம்பளம் வாங்கிய மறுநாள் படத்தைத் தலைமை மெக்கானிக்கிடம் காட்டினார். அவருக்கு வயது 60-க்கு மேல். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கடகடவென்று சிரித்தார்.

"டேய், இது சுத்தாதுடா!"

வாலிபர் திடுக்கிட்டார்.

ஏன் சுற்றாது?

பெரியவர் மூன்று பழைய கியர்களை எடுத்து பெஞ்சில் வைத்தார். முதல் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால், அதோடு பல் கோத்த இரண்டாவது சக்கரம் இடப்பக்கம் சுற்றும். மூன்றாவது சக்கரமோ இரண்டையும் தொட்டு நிற்கிறது. முதல் சக்கரம் அதை இடப்பக்கம் தள்ளும். இரண்டாவது வலப்பக்கம் தள்ளும். அது எந்தப் பக்கம் போகும்? எந்தப் பக்கமும் போகாது. மூன்றும் இறுகி நின்றுவிடும்!

"நாலு பேரு பார்ப்பாங்க. மெக்கானிக் கையிலே ஓடாத மெஷினா?" என்று கேட்டார் பெரியவர்.

இந்தத் தவறு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்து அரசாங்கம் 1998-ல் 2 பவுன் நாணயம் ஒன்றைப் புழக்கத்தில் விட்டது. தொழில் வளர்ச்சியைக் காட்ட அதில் பல்சக்கர வளையம் ஒன்று பொறித்தார்கள். எண்ணிப் பார்த்தால் 19 சக்கரங்கள்! வளையத்தில் ஒற்றைப்படையாகச் சக்கரம் இருந்தால் அது சுற்றாது. இரட்டைப்படையாக இருந்தால்தான் சுற்றும்.

மணிக்கட்டைச் சுற்றி சைக்கிள் செயின் குத்திக்கொள்கிறவர்களும் உண்டு. அதிலும் கணக்கு இருக்கிறது. செயினில் உள்கண்ணி, வெளிக்கண்ணி மாறிமாறி வரும். ஆகவே வழக்கமான செயினில் கண்ணிகள் இரட்டைப்படையில்தான் இருக்கும்.

குமாஸ்தா பேனா

வாலிபர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை குத்தும் கடைக்குப் போனார். துணைக்கு ஒரு சினேகிதர். அவருக்கு வயது 20. அவரும் அன்றே குத்திக்கொள்வது என்று பேச்சு.

அந்தக் காலத்தில் குறத்திகள் தெருத்தெருவாக வந்து ஊசியும் விளக்குக்கரியும் வைத்துக் குத்துவார்கள். இன்று மின்சார ஊசி. இந்த ஊசியின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1875-ல் எடிசன் மின்சாரப் பேனா ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆபீசில் நகல் எடுப்பதற்காகக் காகிதத்தில் பொடிப்பொடியாகத் துளை போடும் பேனா அது. அதைப் பார்த்து, நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் பச்சை குத்தும் எந்திரம் செய்தார். 1891-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குமாஸ்தாவின் கைக்கு வந்த பேனா, ஜனங்களின் தோலுக்கு வந்துவிட்டது!

கடைக்காரர் ஓர் ஆல்பத்தைக் காட்டினார். தோல் கிழிந்து, உள்ளே பிஸ்டனும் குழாயும் தெரிவதுபோல் பயங்கரமான படங்கள். சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர்.கிகர் மனித உடலையும் எந்திரத்தையும் பின்னி வரைந்த பாணி இது. 1979-ல் வந்த "ஏலியன்" படத்தின் பூதத்தை வடிவமைத்தவர் அவர்தான். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தபோது, பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

"முதல் தடவை குத்திக்கிறவங்களுக்கு இது வேணாம். முழுக் கையும் ஆகும். பல நாள் உட்காரணும்" என்றார் கடைக்காரர்.

பொடிப் பல் கூடாது

வாலிபர் சின்னக் கைக்கடிகாரத்தின் உள்பாகம் போல் பொடிப்பொடிச் சக்கரமாகக் கேட்டார். கடைக்காரர் தலையாட்டவில்லை.

ஊசி சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே உள்ள தோலில் மை தங்குகிறது. உடம்பின் காவல் செல்கள் மையை விழுங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு செல் செத்தால், பக்கத்தில் வரும் செல் அந்த மையை விழுங்கிக்கொள்கிறது. 2018-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் எலிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள்.

ஆனாலும் வருஷம் ஆக ஆகக் கோடு கொஞ்சம் பரவும். பொடியாகப் பல் வைத்தால் இடைவெளி மூடிப்போகும். 10 வருஷம் கழித்துப் பல்சக்கரம், வெறும் வட்டமாகத் தெரியும்!

வர்ணமும் அப்படித்தான். நம் மாநிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் எடுபடுவதில்லை. கறுப்புதான் நிற்கும். பின்னாளில் லேசரில் அழிப்பதானாலும் கறுப்பு சுலபம். பச்சை, மஞ்சள் கஷ்டம். அழிக்கப் பல தடவை போகவேண்டும். குத்தின செலவைவிட அது அதிகம் ஆகலாம்.

சல்யூட் அடிக்கும் கை

அடுத்துச் சினேகிதரின் முறை. வலது கையை நீட்டினார். பிஸ்டன் படம் வேண்டும் என்றார்.

"தம்பி, கவர்ன்மெண்ட் வேலைக்கு ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"சி.ஆர்.பி.எஃப்.புக்குப் போடலாம்னு இருக்கேன் அண்ணே."

கடைக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மத்திய ஆயுதப்படைகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பில் பச்சை குத்துவது பற்றித் தனி விதி இருக்கிறது. மதச்சின்னம், பெயர் போன்றவற்றைத்தான் அனுமதிக்கிறார்கள். இடது முன்கையின் உள்பக்கத்திலோ, புறங்கையிலோ இருக்கலாம். சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது. அளவும் அந்தப் பாகத்தில் 4-ல் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

வலது கையில் பிஸ்டன்! ஓட்டத்தில் ஜெயித்து, பரீட்சையில் பாசாகி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வரவேண்டியதுதான்.

சினேகிதர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க அம்மா நான் யூனிபார்ம் போடுறதைப் பார்க்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க அண்ணே" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

டைமிங் புள்ளி

வாலிபரும் அன்று குத்திக்கொள்ளவில்லை. மறுநாள் ஒர்க்ஷாப்பில் பெரியவரிடம் போய் நின்றார்.

"அண்ணே, சுத்துற மாதிரி நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

பெரியவர் பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். இரண்டு கியர்களை எடுத்துத் துடைத்து வைத்தார். ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு. எஞ்சினின் டைமிங் கியர்கள். சிறிசு கிராங்க்குக்கு, பெரிசு வால்வைத் திறக்கும் கேம்ஷாப்டுக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே பெரிய கியரில் பல் சரியாக இரண்டு மடங்கு. இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி அடித்திருக்கும். மாட்டும்போது இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் எஞ்சின் சரியாக ஓடாது.

வாலிபர் தலை குனிந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் புள்ளியைத்தான் அவர் தப்பாக மாட்டிவிட்டார். ராத்திரி முழுக்கப் பெரியவர் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துச் சரி செய்தார். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்தப் புள்ளிதான் வேணும் அண்ணே" என்றார் வாலிபர்.

சிறிய கியருக்கு 12 பல், பெரிய கியருக்கு 24 பல். பல்லெல்லாம் தடிமனாக. கறுப்பு மை மட்டும். இடது முன்கை. பெரியவரே பென்சிலால் வரைந்து கொடுத்தார்.

கடையில் பிரிக்காத புது ஊசியைக் கண்முன்னே பிரிக்கச் சொன்னார் வாலிபர். அது அவசியம். ஒருவருக்குக் குத்திய ஊசியால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவும். குத்திக்கொண்டவர்கள் ஓராண்டுக்கு ரத்ததானம் செய்ய முடியாது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. குத்திய இடம் பச்சைப் புண். மேலே ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கிரீஸ், பெட்ரோல், கழிவு ஆயில் எதுவும் படக்கூடாது. மெக்கானிக்குக்கு இது நடக்கிற காரியமா?

பெரியவர் அதற்கும் வழி சொன்னார். மூன்று வாரம் வாலிபருக்கு பில் எழுதும் வேலை.

"பேனாவைப் பிடிடா. கறுப்பு மை உனக்குப் புதுசா என்ன!"