நீர்மேல் ஒரு போர்வை

மார்கழி மாதத்து விடியற்பொழுதில் திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் நீராடுவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. காவிரிக்குள் கழுத்தளவு நிற்கும்போது நீர் இதமாக இருக்கும். கரையேறிய கணத்தில்தான் உடல் நடுங்கும். ஆற்றின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய புகைபோல் ஆவி எழுவதையும் அவ்வேளையில் காணலாம். காற்றின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கியிருக்க, பகல் வெயிலைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் நீர் அதனினும் சற்று வெப்பமாக இருக்கிறது. அந்நீரிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றில் நுண்துளிகளாக மாறிப் புகையெனத் தோன்றுகிறது. கரையேறியவரின் உடலில் படிந்துள்ள ஈரமும் ஆவியாகவே முயல்கிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நடுக்கத்திற்குக் காரணம் அதுவே.

உடலுக்கு நேர்வதே நீர்நிலைக்கும் நேர்கிறது. ஆவியாக வெளியேறும் ஒவ்வொரு துளியும் எஞ்சியுள்ள நீரின் வெப்பத்தில் ஒரு பங்கைக் கொண்டு செல்கிறது. ஓடும் ஆறு அவ்விழப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், திருச்சிராப்பள்ளியின் புறநகரில் தோட்டத்துடன் அமைந்த ஒரு வீட்டின் சிறிய நீச்சல் குளத்திற்கு அது பேரிழப்பாகும்.

ஒரு குளத்தின் கணக்கு

எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உடைய ஒரு குளத்தைக் கொள்வோம். சராசரி ஆழம் 1.25 மீட்டர் எனின், அதில் 40,000 லிட்டர் நீர் இருக்கும். அதன் பரப்பு 32 சதுர மீட்டர். ஒரு நாளில் நீர்மட்டம் ஐந்து மில்லிமீட்டர் குறைவதாக வைத்துக்கொண்டால், 160 லிட்டர் நீர் ஆவியாகியிருக்கிறது என்று பொருள். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் பத்துக் குடத்திற்கும் மேல். ஒரு மாதத்தில் 4,800 லிட்டர். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியே ஒழுகுவது போன்றதே இது.

வெப்பக் கணக்கு இதனினும் வியப்பளிப்பது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,430 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. இதனையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்பர். 160 லிட்டர் நீர் எடுத்துச் செல்லும் வெப்பத்தை மின் அளவையில் கூறினால் 108 யூனிட். வேறு வழியில் வெப்பம் வந்து சேராவிடில், குளம் முழுவதும் ஒரே நாளில் 2.3 டிகிரி குளிர்ந்துவிடும். ஞாயிறு அவ்விழப்பை ஈடுசெய்கிறது. நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யூனிட் வெயில் விழுகிறது. 32 சதுர மீட்டருக்கு 160 யூனிட். அதாவது, குளத்தின்மேல் பகலெல்லாம் விழும் ஆற்றலில் மூன்றில் இரு பங்கை ஆவியே கவர்ந்து சென்றுவிடுகிறது. திறந்தவெளிக் குளங்கள் இழக்கும் வெப்பத்தில் 70 விழுக்காடு ஆவியாதலாலும், 20 விழுக்காடு வானை நோக்கிய கதிர்வீச்சாலும் நிகழ்வதாக அமெரிக்க ஆற்றல் துறையும் கணித்துள்ளது. மண்ணும் பிறவும் எடுத்துக்கொள்வது எஞ்சிய பத்து விழுக்காடே. ஆதலால், குளத்தின் சுவரைத் தடிப்பாக்குவதால் பெரும்பயன் இல்லை. காக்க வேண்டியது அதன் முகத்தை.

குமிழ்த்தாள்

அந்த முகத்தை மூடுவதற்குப் பயன்படுவதே சூரிய வெப்பப் போர்வை. அலைபேசி, கண்ணாடிப் பொருள்கள் முதலியவற்றைப் பொதியும் குமிழ்த்தாளை யாவரும் கண்டிருப்பர். அதனை விரலால் நசுக்கி மகிழாத சிறுவர் இல்லை. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்பிரட் ஃபீல்டிங், மார்க் சவான் என்னும் இருவர் சுவரில் ஒட்டும் தாள் ஒன்றை உருவாக்க முயன்றபோது பிறந்தது அது. சுவருக்கு உதவாத அத்தாள் பொதிக்கு உதவியது. அதே அமைப்பில், தடித்ததாகவும் வெயிலைத் தாங்குவதாகவும் செய்யப்படும் பாலித்தீன் விரிப்பே குளத்தின் போர்வை. குமிழ்கள் நீரைத் தொடுமாறு கீழ்நோக்கியும், வழவழப்பான பக்கம் வானை நோக்கியும் இருக்குமாறு விரிக்க வேண்டும். குமிழ்களில் அடைபட்ட காற்று போர்வையை மிதக்கச் செய்வதோடு வெப்பம் எளிதில் கடவாதவாறும் தடுக்கிறது. எனினும், அதன் முதன்மையான பணி ஆவியாதலைத் தடுப்பதே.

போர்வை தானே வெப்பத்தை உண்டாக்குவதில்லை என்பதை மறத்தலாகாது. நாம் போர்த்தும் கம்பளி எவ்வாறு உடலின் வெப்பத்தை வெளிவிடாது காக்கிறதோ, அவ்வாறே இதுவும் ஞாயிறு தந்ததைக் காக்கிறது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. கரிய நிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும் என்பது பள்ளிப்பாடம்; ஆகவே கரிய போர்வையே சிறந்தது எனத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. கரிய போர்வை வெயிலைத் தானே உறிஞ்சி, மேற்பரப்பை மட்டும் சூடாக்கி, அதில் ஒரு பகுதியைக் காற்றுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. ஒளி ஊடுருவும் போர்வையோ கதிர்களை ஆழம்வரை செல்லவிடுகிறது. ஆயினும், எவ்வளவு தெளிவான தாளும் வெயிலில் ஒரு பங்கைத் தடுக்கவே செய்யும். எனவே, அதன் முழுப்பயன் வெளிப்படுவது கதிர் மறைந்த பின்னர்தான். போட்டிகளுக்குரிய குளங்களில் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மார்கழி, தை மாதங்களின் இரவில் போர்த்தி வைக்கப்படும் குளம் விறகோ மின்சாரமோ இன்றி அந்நிலைக்கு அருகில் நிற்கக்கூடும்.

பயன்படுத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டிய இடர் ஒன்றுண்டு. அது உயிரோடு தொடர்புடையது. மிதக்கும் போர்வை தரைபோல் தோற்றமளிக்கும். ஆனால் ஒரு குழந்தையின் எடையைக்கூடத் தாங்காது. கால் வைத்தவரை உள்வாங்கி, மேலே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. குளிப்பதற்கு முன் போர்வையைப் பாதியளவு ஒதுக்குவதும் பெருந்தவறு. முழுவதும் சுருட்டி எடுத்த பின்னரே நீரில் இறங்க வேண்டும். குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டிய கதவும் வேண்டும், போர்வை வேலியாகாது. சுருட்டியதை வெயிலில் கிடத்தினால் மடிப்புகளுக்குள் வெப்பம் தேங்கிக் குமிழ்கள் உருகிவிடும் என்பதால் நிழலில் வைத்தல் நலம்.

சித்திரையில் தலைகீழ்

குளிர்நாட்டார் கண்ட இக்கருவியை அவ்வாறே நம் ஊருக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. சித்திரை, வைகாசியில் திருச்சிராப்பள்ளியின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. அப்போது ஒளி ஊடுருவும் போர்வையை விரித்து வைத்தால், நீந்துவதற்குரிய நீர் வெந்நீராகிவிடும். அக்காலத்தில் நமக்கு வேண்டியது மண்பானையின் வழி. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பது போலவே, இரவில் திறந்து கிடக்கும் குளமும் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. ஆனால் அக்குளிர்ச்சிக்கு விலை நீர்; கோடையில்தான் நீர் அருமையானது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ லாரியிலிருந்தோ குளத்தை நிரப்புவோர், குளிர்ச்சியா நீர்ச்சிக்கனமா என்று தேர்ந்தே ஆக வேண்டும். வெயிலை எதிரொளிக்கும் வெண்ணிறப் போர்வையைப் பகலில் இடுவது இரண்டிற்கும் இடைப்பட்ட வழி. அடுத்து வரும் ஆடியிலோ காற்றே பகையாகிறது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பர். நீரின்மேல் தங்கும் ஈரக்காற்றை அது இடைவிடாது அடித்துச் செல்வதால் ஆவியாதல் பெருகுகிறது.

அக்காற்றுதான் பெரிய நீர்நிலைகளை மூட முயல்வோருக்கும் தடையாக நிற்பது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கடும் வறட்சியின்போது, வைகை அணையின் நீர்ப்பரப்பில் தெர்மாகோல் தகடுகள் இணைத்து மிதக்கவிடப்பட்டன. சிறிது நேரத்திலேயே காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. நாடே நகைத்தது. நகைப்புக்குரியது கருத்தன்று, எடை குறைந்த தகடு, கட்டற்ற பரப்பு, வீசும் காற்று ஆகியவை ஒன்றுசேர்ந்ததே குறை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2015இல் குடிநீர்த் தேக்கம் ஒன்றின்மேல் 9.6 கோடிக் கரும்பந்துகள் பரப்பப்பட்டன. வெயிலால் நீரில் தீய வேதிப்பொருள் உருவாவதைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். ஆவியாதலும் உடன் குறைந்தது. பந்துகளுக்குள் சிறிது நீர் நிரப்பப்பட்டிருந்தமையால் காற்று அவற்றைத் தூக்கிச் செல்லவில்லை. குசராத்தில் 2012இல் நருமதைக் கால்வாயின் ஒரு பகுதிமீது கூரைபோல் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன. நிழலும் மின்சாரமும் ஒருங்கே கிடைத்தன.

திருவரங்கம் கோயிலின் சந்திர புஷ்கரணியையோ மலைக்கோட்டை அடிவாரத் தெப்பக்குளத்தையோ இவ்வாறு மூட இயலாது, மூடவும் கூடாது. மீனும் பாசியும் வாழும் நீருக்கு ஒளியும் காற்றும் வேண்டும். தெப்பம் மிதக்கப் பரப்பும் வேண்டும். போர்வை பொருந்துவது உயிர்கள் வாழாத, நான்கு புறமும் சுவர் சூழ்ந்த சிறுகுளத்திற்கே.

இவற்றை வீட்டு மொட்டை மாடியிலேயே சோதித்தறியலாம். ஒரே அளவுள்ள இரு அகன்ற பாத்திரங்களில் சம அளவு நீர் ஊற்றி, ஒன்றன்மேல் மட்டும் வட்டமாக வெட்டிய குமிழ்த்தாளை மிதக்கவிட வேண்டும். மாலையிலும் மறுநாள் விடியலிலும் வெப்பமானியால் இரண்டையும் அளந்து, நீர்மட்டத்தைக் கோலால் குறிக்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்தால், திறந்த பாத்திரத்தில் நீர் குறைந்திருப்பதும், விடியலில் அது மற்றதைவிடக் குளிர்ந்திருப்பதும் எண்களாகவே புலப்படும். காற்று மிகுந்த நாளின் அளவைத் தனியே குறித்து வைத்தல் நன்று.