பாலின் தரமும் பசுவின் இனமும்



தகாத விதைநெல்லை விதைத்தவருக்கு நட்டமாவது ஒரு போகம். அடுத்த போகத்தில் நல்விதை பெற்று அக்குறையை அவர் நீக்கிக்கொள்ளலாம். தகாத காளையைப் பசுவிற்குச் சேர்த்தவருக்கு நட்டமாவதோ மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். பசு சினையாயிருக்குங் காலம் ஏறத்தாழ 280 நாட்கள். பிறக்கும் நாகுகன்று வளர்ந்து, சினைப்பட்டு, தன் முதற்கன்றை ஈனுதற்கு நல்ல பராமரிப்பிலும் இரண்டரை ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரே அக்காளையால் வந்த பாலை நீங்கள் செம்பிற் காண்பீர்கள். ஆகவே, கறவை மாடு வளர்ப்போர் இனத்தைத் தெரியும் நாளிலே நன்கு ஆராய்ந்து தெரிதல் வேண்டும்.

பாலின் தரம் என்பது யாது?

பசுப்பாலில் நூற்றுக்கு 87 பங்களவு நீரே. எஞ்சியது கொழுப்பும், புரதம், பால்வெல்லம், உப்புக்கள் முதலிய கொழுப்பற்ற திண்மப் பொருள்களுமாகும். பால் சேகரிக்கும் நிலையங்கள் இவ்விரண்டையும் அளந்தே விலை கொடுக்கின்றன. எனவே, எத்தனை லீற்றர் கறக்கிறது என்பதை மட்டும் கேட்டு மாட்டை மதிப்பிடுதல் தவறு.

ஓர் உதாரணத்தை நோக்குக. ஒரு பசு நாளொன்றுக்கு 10 லீற்றர் கறக்கிறது. அப்பாலிற் கொழுப்பு 3.5 வீதம். இன்னொரு பசு 7 லீற்றர் கறக்கிறது. அதன் பாலிற் கொழுப்பு 5 வீதம். இரண்டும் தருங் கொழுப்பு ஏறக்குறைய 350 கிராமே. முதலாவது பெரிய உடலையுடைய மாடாகவும், மற்றையது சிறிய உடலையுடைய மாடாகவும் இருப்பின், அதே அளவு கொழுப்பைக் குறைந்த தீனியிற் பெறுபவர் இரண்டாவது பசுவை வளர்ப்பவரே.

எவ்விடத்திற்கு எவ்வினம்?

பிறீசியன் இனம் பாலின் அளவிற் பெயர் பெற்றது. ஆயினும் அதன் பாலிற் கொழுப்பு பெரும்பாலும் 3.5 வீதத்தையொட்டியே இருக்கும். அயர்சயர் இனத்தில் இது 4 வீதமளவாகும். ஜேர்சி இனம் உடலாற் சிறியது. அளவிற் குறைவாகக் கறப்பினும் அதன் பாலில் 5 வீதமளவு கொழுப்புண்டு. இவையாவும் குளிர்நாட்டு இனங்கள். வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும்போது, இவற்றுட் பெரிய உடலும் மிகுந்த பாலும் உடையவை தீனி உட்கொள்ளுதலைக் குறைக்கத் தொடங்கும், பாலுங் குறையும். நுவரெலியா போன்ற மலைநாட்டிலே இவை தூய இனமாகவே செழித்து வாழ்கின்றன. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு முதலிய வரண்ட பகுதிகளிலோ தூய பிறீசியன் பசுவை வாங்கி, ஓராண்டிற்குள்ளே அது மெலிவதையும், உண்ணியால் வருந்துவதையும், சினைப்படாது நிற்பதையும் கண்டு வருந்துவோர் பலர்.

பஞ்சாப்பிலிருந்து பரவிய சாகிவாலும், சிந்துப் பிரதேசத்துச் சிவப்புச் சிந்தியும் வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கவல்லன. இவற்றின் பாலிற் கொழுப்பு 4.5 முதல் 5 வீதம் வரை உண்டு. கன்று அருகில் இல்லாவிடின் இவற்றுட் பல பால் சுரவா என்பது ஒரு குறை.

நம் நாட்டுப் பசுவின் பாலும் கொழுப்பு மிக்கதே. ஆயின் அது நாளொன்றுக்கு ஓரிரு லீற்றருக்கு மேற் கறத்தல் அரிது. அதன் பெருமை, வைக்கோலும் தரிசுப் புல்லும் தின்று, கோடையையும் நோயையும் தாங்கி உயிர் வாழ்தலிலே உள்ளது. இக்குணத்தை இழந்துவிடாது பாலை மட்டும் பெருக்குதலே கலப்பின விருத்தியின் நோக்கம்.

எத்துணைக் கலப்பு வேண்டும்?

நாட்டுப் பசுவிற்கு ஜேர்சிக் காளையின் விந்தைச் செலுத்தினால் பிறக்குங் கன்று அரைக்கலப்பு. தாயின் தாங்குந் திறனிலும் தந்தையின் பால்வளத்திலும் அது பங்கு பெறும். இம்முதற்கலப்பின் பயனைக் கண்டு மகிழ்ந்தவர்கள், “இன்னும் ஒரு முறை ஜேர்சியைச் சேர்த்தால் இன்னும் நன்றாகும்” என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு பெறுவது முக்காற்கலப்பு. பசும்புல்லும் புண்ணாக்கும் குறைவின்றிக் கொடுத்து, நிழலான கொட்டிலிற் கட்டி வளர்ப்பவருக்கு அது பொருந்தலாம். வயல் வரம்பிலும் குளக்கரையிலும் மேய விடுபவருக்கு அது பாரமேயாகும். அவர்கள் அரைக்கலப்புப் பசுவிற்கு மீண்டுஞ் சாகிவாலையோ, ஜேர்சி–சாகிவாற் கலப்புக் காளையையோ சேர்த்தல் நன்று.

சிறிய நாட்டுப் பசுவிற்கும், முதற் சினைக்கு வரும் நாகிற்கும் பிறீசியன் விந்தைச் செலுத்துமுன் நன்கு சிந்தியுங்கள். கன்று பெரிதாகி, ஈனும்பொழுது தாய்க்குங் கன்றுக்கும் ஆபத்து நேரலாம். ஜேர்சிக் கன்று சிறிதாகையால் இவ்வச்சங் குறைவு.

காளையைத் தெரிதல்

காளை பால் தருவதில்லை; ஆயினும் கன்றின் குணத்திற் பாதி அதனிடமிருந்தே வருகிறது. பாலின் கொழுப்பு வீதம், பாலின் அளவிலும் பார்க்க உறுதியாகப் பரம்பரையில் இறங்குங் குணமாகும். ஆகையால் காளையின் திமிலையும் கொம்பையும் பார்த்து மதிப்பிடாது, அதன் தாயும் புதல்விகளும் கறந்த பாலைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும். கிராமத்துக் காளைகளுக்கு இத்தகைய பதிவு கிடைத்தல் அரிது. செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்குரிய காளைகள் பதிவுகளைக் கொண்டு தெரிந்தெடுக்கப்படுவன. ஒவ்வொரு விந்துக் குழாயிலும் காளையின் இனமும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை உங்கள் மாட்டின் அட்டையில் எழுதித் தரும்படி கேளுங்கள். அவ்விலக்கம் தெரியாதுபோயின், பின்னர் அக்காளையின் விந்தையே அதன் மகளுக்குஞ் செலுத்த நேரும். நெருங்கிய இரத்தக் கலப்பினால் கன்றுகள் நலிந்து, பாலுங் குன்றும்.

வேட்கைக் காலம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை வரும். அடிக்கடி கதறுதல், கண்ணாடி போன்ற வழும்பு வடிதல், மற்றைய மாடு தன்மேல் ஏறும்போது அசையாது நிற்றல் என்பன அதன் அறிகுறிகள். காலையிற் கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவித்தல் வேண்டும்.

பசுவை வாங்குமுன்

இரண்டாம் ஈற்றுப் பசுவை வாங்குதல் நன்று. மூன்றாம், நான்காம் ஈற்றுக்களிற் பால் இன்னும் பெருகும். மடி உடலோடு நன்கு ஒட்டியதாகவும், நான்கு முலைகளும் ஒத்தனவாகவும், கறந்தபின் மடி துவண்டு மெதுவாகவும் இருத்தல் வேண்டும். கறந்தபின்னும் கல்லுப்போல் இருக்கும் மடி நோயுற்ற மடியாகலாம். விற்பவர் முதல்நாட் கறவையை நிறுத்தி மடியைப் பெருக்கிக் காட்டுதல் உண்டு. ஆதலால் மாலையும் மறுநாட் காலையும் அருகில் நின்று கறக்கச் செய்து, இரு வேளைப் பாலையும் அளந்து பாருங்கள்.

இனத்தாற் சீர்படாத குறைகள்

பால் நீர்த்திருக்கிறது என்று கூறி நல்ல பசுவை விற்றுவிடுவோர் உளர். விற்குமுன் மூன்று காரியங்களை ஆராய்க. முதலாவது, முழுமையாகக் கறக்கிறீர்களா? கறவையின் தொடக்கத்தில் வரும் பாலிற் கொழுப்புக் குறைவு. இறுதியில் வரும் பாலிலேயே அது மிகுதி. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டு முதற் பாலை விற்பவருக்கு விலை குறைவது வியப்பன்று. இரண்டாவது, நார்த்தீனி போதுமா? புல், வைக்கோல், பனையோலை, சீமைக்கிளுவைக் குழை முதலியவற்றைக் குறைத்துத் தவிடும் புண்ணாக்கும் மட்டும் மிகுதியாகக் கொடுத்தாற் கொழுப்பு வீதம் இறங்கும். மூன்றாவது, மடியழற்சி உண்டா? முதற்பாலைக் கறுத்தத் துணியிற் பீச்சிப் பாருங்கள். திரள் காணப்படின் உடனே மிருக வைத்தியரை நாடுங்கள்.

இம்மூன்றுஞ் செவ்வையாக இருந்தும் கொழுப்புக் குறைவாயின், அதுவே இனத்தின் குறை. அதைத் தீர்க்கும் வழி அடுத்த சினைக்குத் தெரியுங் காளையில் உள்ளது.

முடிவாக ஒன்று: எத்தனை மாடுகளுக்கு உங்கள் வளவிலும் வயலிலும் ஆண்டு முழுவதும் தீனி உண்டு என்பதை முதலில் எண்ணுங்கள்; பின்னர் இனத்தைத் தெரியுங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பசுவிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சினைப்படுத்திய நாள், காளையின் இலக்கம், ஈன்ற நாள், மாதம் ஒரு முறை அளந்த பால், பால் நிலையம் காட்டிய கொழுப்பு வீதம் என்பவற்றை எழுதி வாருங்கள். அடுத்த சினைக்கு எக்காளை தக்கது என்பதை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் கேட்கச் செல்லும்போது அக்கொப்பியையுங் கொண்டு செல்லுங்கள்.